மலையேறும் முன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ வாகனம் ஓட்டிப் போகிறவர்கள், கூகுள் மேப்ஸில் 'ஆஃப்லைன் வரைபடங்கள்' பகுதிக்குப் போய் மலையகம் முழுவதையும் வீட்டு வைஃபையிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். போகுமிடத்தையும் இடையில் நிற்கும் இடங்களையும் வண்டி நகரும் முன்பே பதிந்து, குரல் வழிகாட்டலை இயக்கி, தொலைபேசியைத் தாங்கியில் மாட்டிவிடுங்கள்.

இலங்கையில் வண்டி ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். வழி பார்த்தேன் என்று பொலிஸாரிடம் சொல்வது எடுபடாது. மலையில் கை தொலைபேசிக்குப் போவதே சிக்னல் அறுந்து திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கும்போதுதான், அதுவும் இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவு போன்ற இடத்தில். நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். செய்மதியிலிருந்து வருவது, தொலைபேசிக் கோபுரத்தை நம்பியிருப்பதில்லை. வரைபடம் தொலைபேசியிலேயே இருந்தால் குரல் தடைப்படாது. டேட்டாவும் மிச்சம்.

மழைக்காலத்தில் இதை மட்டும் நம்ப வேண்டாம். இறக்கிவைத்த வரைபடத்துக்கு வாகன நெரிசலும் தெரியாது, மண்சரிவால் மூடிய வீதியும் தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் அப்படியே: லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையைக்கூடச் சில வேளை குறுக்குவழி என்று காட்டும். அங்கே வண்டியை ஓரங்கட்டி, கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்பதே மேல்.