கொரோனா ஆர்.என்.ஏ. மடிப்புகள்: ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் பயோடெக், பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. இழை தன்மேலேயே எப்படி மடிகிறது என்ற தலைப்பை ப்ராஜெக்டுக்கு விரும்பி எடுக்கிறார்கள். கெமிக்கல் வாங்கக் காசு வேண்டாம், லேப்டாப்பும் நெட்டும் போதும், வைரஸ் வரிசைகளும் இலவசம். எல்லோரும் ஒரே வழியில் போவதால் தவறுகளும் ஒரே மாதிரி இருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரியது, மென்பொருள் வரைந்து கொடுத்த படத்தை அப்படியே நம்பிவிடுவது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான ஏ, யு, ஜி, சி நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, மடிப்பைக் கணிக்கும் ஆர்.என்.ஏ.ஃபோல்ட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அதற்கும் எழுத்துகள் ஜோடி சேர்ந்த தண்டும் சேராத வளையமுமாக அழகான ஒரு மடிப்பு வரும். ஆகவே ‘ஸ்டெம்-லூப் கிடைத்தது’ என்பது ஒரு முடிவே இல்லை. அடுத்தடுத்த எழுத்து ஜோடிகளின் எண்ணிக்கை மாறாதபடி வரிசையைக் கலைத்து, நூறு தடவையாவது மடிக்கவிட்டு, வைரஸின் வரிசை அவற்றைவிட உறுதியாக மடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச ஏதாவது இருக்கும். ஒரு மத்தியான வேலை. ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

அப்புறம் வெட்டுகிற விஷயம். சார்ஸ்-கோவ்-2 ஜீனோம் 29,903 எழுத்து நீளம், அவ்வளவையும் அந்த இணையதளம் வாங்காது, எனவே துண்டு போட்டாக வேண்டும். எங்கே வெட்டுவது? இழையின் தொடக்கமான 5' முனையில் புரதமாக மாறாத பகுதி 265 எழுத்து, புரதம் 266-இல் தொடங்குகிறது என்று படித்துவிட்டு 265-இல் கத்தி வைக்கிறார்கள். ஆனால் எஸ்.எல்.5 என்ற பெரிய மடிப்பு சுமார் 150-இல் தொடங்கி 294 வரை போகிறது, புரதம் தொடங்கும் ஏ-யு-ஜி அதற்குள்ளேயே இருக்கிறது. தண்டின் ஒரு கையை வெட்டிவிட்டு ‘இந்த வைரஸில் எஸ்.எல்.5 சரியாக அமையவில்லை’ என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள்.

சூடோநாட், அதாவது ஒரு வளையத்தின் எழுத்துகள் வெளியே உள்ள எழுத்துகளோடு ஜோடி சேரும் முடிச்சு, அதிலும் இதே கதைதான். ஆர்.என்.ஏ.ஃபோல்ட் முடிச்சுப் போட்ட மடிப்புகளைக் கணக்கிலேயே எடுக்காது. அது காட்டவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனாவில் பேர்போன முடிச்சு ப்ரேம்ஷிஃப்ட் நடக்கும் இடத்தில் இருக்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம் யு-யு-யு-ஏ-ஏ-ஏ-சி என்ற வழுக்கும் வரிசைக்கு வரும்போது முன்னால் உள்ள சூடோநாட்டில் முட்டித் தயங்குகிறது, சில சமயம் ஒரு எழுத்து பின்னால் சறுக்கி, மும்மூன்று எழுத்தாகப் பிரிக்கும் சட்டகத்தை மாற்றிப் படிக்க ஆரம்பிக்கிறது, இதுதான் ப்ரேம்ஷிஃப்ட். ஜீனோமைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸ் இந்தச் சறுக்கலைத் தாண்டினால்தான் முழுதாகக் கிடைக்கும். கொரோனாவில் இதை முதலில் கண்டது 1987-இல், அதுவும் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த ஐ.பி. (இன்ஃபெக்ஷியஸ் ப்ராங்கைட்டிஸ்) நோயின் வைரஸில்.

இதை ஆன்-ஆஃப் சுவிட்ச் என்று எழுதாதீர்கள். கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுகிற மாதிரி, இங்கே விகிதம்தான் விஷயம். சறுக்கல் குறைந்தாலும் வைரஸுக்குக் கஷ்டம், ஏறினாலும் கஷ்டம்.

‘கன்சர்வ்டு’ என்று எழுதும்போது எது மாறாமல் இருக்கிறது, எழுத்தா மடிப்பா? ஒரு பக்கம் ஜி-சி ஜோடி, உறவுக்கார வைரஸில் அதே இடத்தில் ஏ-யு ஜோடி என்றால், எழுத்து இரண்டும் மாறியும் தண்டு நிற்கிறது. மடிப்பு காப்பாற்றப்படுகிறது என்பதற்கு இதுதான் நல்ல சாட்சி. இதைத் தேட லட்சக்கணக்கில் மனிதர்களிடம் எடுத்த சார்ஸ்-கோவ்-2 வரிசைகளை இறக்குவது வீண் வேலை, அவை ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். 2003 சார்ஸ், வௌவால் வைரஸ்கள் என்று கொஞ்சம் தூரம் போக வேண்டும். ஜி-யு ஜோடியையும் மறக்காதீர்கள்: இந்த வைரஸில் அதிகம் நடப்பது சி, யு-வாக மாறுவதுதான், ஜி-சி அப்படி ஜி-யு ஆனால் தண்டு கொஞ்சம் தளரும், உடையாது.

சரி, மடிப்பு மாறாமல் இருக்கிறது, அப்படியானால் அது இல்லாமல் வைரஸ் பிழைக்காதா? இந்தத் தாவல்தான் ஆபத்து. இழையின் கடைசியான 3' முனையில் எஸ்2எம் என்று ஒரு மடிப்பு, ஐ.பி. வைரஸிலும் உண்டு, கொரோனா குடும்பமே இல்லாத ஆஸ்ட்ரோ வைரஸ்களிலும் உண்டு. இவ்வளவு பரவலாக இருக்கிறதே, கட்டாயம் உயிர்நாடியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஓமிக்ரான் பி.ஏ.2-வில் அதிலிருந்து 26 எழுத்து போயே போய்விட்டது. அந்த வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது.

கடைசியாக டாக்கிங், அதாவது ஒரு மூலக்கூறை இன்னொன்றில் கணினியில் பொருத்திப் பார்ப்பது. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற சேர்மத்தை எடுத்து ப்ரேம்ஷிஃப்ட் சூடோநாட்டில் பொருத்தி, எவ்வளவு இறுக ஒட்டுகிறது என்பதற்கான ஒரு மைனஸ் எண்ணைக் காட்டி, ‘கொரோனாவுக்கு மருந்து’ என்று முடிக்கிறார்கள். புரதத்துக்காக எழுதிய ஸ்கோரிங்கை ஆர்.என்.ஏ.-வில் ஓட்டியிருப்பார்கள், மடிப்பைத் தாங்கும் மெக்னீசியம் அயனியைக் கோப்பிலிருந்து எடுத்திருப்பார்கள். தவிர அந்தப் பகுதி செல்லுக்குள் எப்போதும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை, அக்கம்பக்க எழுத்துகளோடு சேர்ந்து வேறு மாதிரியும் மடிகிறது. ஆகவே எந்த வடிவத்தில் பொருத்தினீர்கள், அந்த வடிவம் எந்த எழுத்து ஜோடி சேராமல் இருக்கிறது என்று ரசாயனத்தால் காட்டும் ஷேப் அல்லது டி.எம்.எஸ். சோதனைத் தரவோடு ஒத்துப்போகிறதா என்பதை முதலில் எழுதுங்கள். அந்தத் தரவும் நெட்டில் சும்மாவே கிடைக்கிறது.