யூடியூபர்களின் 100 மீற்றர்: நேரம் பிசகாமல், பின்தொடை கிழியாமல்

கொழும்பில் யூடியூபர்களையும் டிக்டொக் பிரபலங்களையும் வைத்து 100 மீற்றர் ஓட்டம் நடத்துவதென்றால், சுகததாச விளையாட்டரங்கு கிடைப்பது நல்லது. கோடுகள் தயாராக இருக்கும். புல்தரை என்றால் இரும்பு நாடாவால் அளவுங்கள்; துணி நாடா இழுபடும். தொடக்கக் கோட்டின் பின்விளிம்பிலிருந்துதான் அளக்கவேண்டும். ஒருவர் ஓடும் சுவடு (தடம்) 1.22 மீற்றர் அகலம்.

முடிவுக்கோட்டுக்கு அப்பால் குறைந்தது 17 மீற்றர் வெறுமையாக இருக்கட்டும். கமராக்காரர் நிற்க ஆசைப்படுவதும் அங்கேதான். முழு வேகத்தில் வருபவரால் சட்டென்று நிற்க முடியாது, ஆகவே கமராக்கள் கயிற்றுக்கு வெளியே.

நேரத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இலங்கை ஓட்டவீரர் யுபுன் அபேகோன் 2022இல் சுவிற்சர்லாந்தில் 9.96 செக்கனில் ஓடியதை அறிந்தவர்கள், உங்கள் ஆளின் நேரத்தையும் அதோடு வைத்தே பார்ப்பார்கள். தொடக்கத் துப்பாக்கியின் வெடிச்சத்தம் முடிவுக்கோட்டுக்கு 100 மீற்றர் வந்துசேர ஏறக்குறைய 0.3 செக்கன் எடுக்கும். சத்தத்தைக் கேட்டு ஸ்டொப்வாட்சை அமத்தினால், ஓடியவருக்கு அவ்வளவும் சும்மா கிடைத்துவிடும். துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமத்துங்கள். ஒரு ஓட்டக்காரருக்கு மூன்று பேர் நேரம் பிடித்து, நடுவில் உள்ளதை எடுக்கவேண்டும். கைநேரத்தை மேல்நோக்கியே முழுமையாக்கவேண்டும்: 12.32 வந்தால் 12.4 என்றே எழுதுங்கள். மின்னியல் நேரத்தோடு ஒப்பிடும்போது கைநேரத்துக்கு 0.24 கூட்டுவது வழக்கம். நெருக்கமான முடிவுக்கு, முடிவுக்கோட்டுக்கு நேரே பக்கவாட்டில் முக்காலியில் செக்கனுக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் ஒரு போன் போதும். தலையையும் கையையும் விட்டு நெஞ்சைப் பாருங்கள். போன் கோட்டிலிருந்து சற்று விலகினாலும் முந்தியவர் பிந்தியவராகத் தெரிவார். பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் சாதனைக்கு எடுபடாது. காற்றளவி இல்லாமல் 'சாதனை' என்று தலைப்புப் போடாதீர்கள்.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு ஓட்டத்தை விட்டவர்களுக்குப் பின்தொடைதான் முதலில் போகும். வேகத்தில் காலை முன்னே வீசும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே காலை இழுத்துப் பிடிக்கவேண்டும்; பழக்கமில்லாத தசை கிழியும். ஆறு கிழமைக்கு முன்பே தொடங்கி, கிழமைக்கு இரண்டு நாள் 60 மீற்றர் நான்கு தடவை, எழுபது வீத வேகத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். போட்டியன்று 10 நிமிடம் மெதுவோட்டம், கால் வீசல், பிறகு வேகம் கூட்டியபடி மூன்று 60 மீற்றர். ஸ்பைக்ஸ் (முள் சப்பாத்து), பிளாக் (தொடங்கும்போது காலை ஊன்றும் கட்டை) பழகாதவர்களுக்கு வேண்டாம், நின்றபடியே தொடங்கட்டும். வீடியோ சரியில்லை, "இன்னொருக்கா ஓடுங்கோ" என்று மட்டும் கேட்காதீர்கள்: ஆறிய தசையில் இரண்டாவது முழுவேக ஓட்டம்தான் ஆளை விழுத்தும்.

காலை 9 மணிக்குள் முடியுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும். முதல் இடி கேட்டதுமே எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள்.