லேத் பட்டறை போடப் போகும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சந்துக்குச் சந்து ஜாப் ஒர்க் ஷெட்தான், அதாவது கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கிற பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள். புதுசாக ஷெட் எடுக்கிற பையன்கள் என்னிடம் வந்து எந்த மெஷின் வாங்கலாம், செகண்ட் ஹேண்டு தேறுமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். காசு எப்படி வசூல் ஆகும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. என் தலைமுறை அடிபட்ட அதே இடத்தில் இவர்களும் அடிபடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு எழுது, நேரத்துக்கு டெலிவரி கொடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

துணிச்சல் இருந்தால் போதும் என்று நினைப்பது

தொழில்முனைவோர் என்றாலே துணிச்சல், கனவு, உழைப்பு என்று மேடையில் பேசுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஜி.டி. நாயுடுவை உதாரணம் காட்டுவார்கள், தப்பே இல்லை. ஆனால் அவர் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி – பழநி ரூட்டில்தான் ஆரம்பித்தார். மோட்டார் தயாரிப்பெல்லாம் பிறகு வந்தது. பஸ் என்றால் டிக்கெட் காசு அன்றன்றைக்கே கைக்கு வந்துவிடும். ஜாப் ஒர்க்கில் அப்படி வராது. இன்றைக்கு அனுப்புகிற சரக்குக்குக் காசு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, அதைக் கைக்குள் கொண்டுவருவதுதான் முதலாளியின் முதல் வேலை.

நம்ம காசைக் கேட்கக் கூச்சப்படுவது

இதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

தெரிந்த பையன் ஒருவன், நல்ல சி.என்.சி. (கம்ப்யூட்டர் மெஷின்) ஆபரேட்டர், வேலையில் குறை சொல்லவே முடியாது. தனியாக ஷெட் போட்டான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் சம்பளத்துக்காக ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், இவன் யாருக்கோ போன் போட்டுக் கைமாத்து கேட்டுக்கொண்டிருக்கிறான். மேஜையில் ஒரு கிளிப் அட்டை நிறைய டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு. பாதியில் பார்ட்டியின், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனியின் ரிசீவ்டு சீல் இல்லை. பில் எங்கேடா என்றேன். “மாசக் கடைசியில மொத்தமா போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்கண்ணா.” பி.ஓ., எழுத்தில் கொடுத்த ஆர்டர்? “வாய்ல சொன்னதுதான்.” சரி, காசு கேட்டியா? “அடிக்கடி கேட்டா அடுத்த ஆர்டர் தர மாட்டாங்களேண்ணா.”

அப்புறம் என்ன ஆனது என்றால், மாதங்கள் கழித்து அந்த பார்ட்டி ரிஜெக்‌ஷன் என்று சொல்லி டெபிட் நோட் போட்டு, கொடுக்க வேண்டிய காசில் கழித்துவிட்டது. எந்தத் தேதியில் எந்த லாட் போனது என்று காட்ட இவனிடம் சீல் போட்ட காகிதம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 5 லட்சத்துக்கு வேலை, மூன்று மாதக் கடன் என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். மெட்டீரியலுக்கும் கூலிக்கும் அதை நிரப்ப நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 30,000 வட்டிக்கே போகும். 8 சதவீத லாபம் நின்றால்கூட மாதம் 40,000-தானே வருகிறது? போதாததற்கு, நீங்கள் பில் போட்ட மாதத்தின் ஜி.எஸ்.டி.யில் இன்புட் (நீங்கள் வாங்கியதற்குக் கட்டிய வரி) போக மீதியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், பார்ட்டி காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள கெடுவுக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அந்த சீலும் தேதியும் ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: கெடுவுக்குள் உங்களுக்குக் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வரை பார்ட்டி செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் அவர்களின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார், நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால். எனவே உத்யம் நம்பரை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிந்த எண்ணை, ஒவ்வொரு பில்லிலும் அடியுங்கள்.

எடுத்த எடுப்பில் பாக்கிக்கான அரசு தளத்தில் புகார் போடச் சொல்லவில்லை. பி.ஓ. இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் ரேட்டும் கெடுவும் வந்தால்கூடப் பரவாயில்லை, எதுவும் இல்லாததற்கு அது மேல். சொந்த மெட்டீரியல் என்றால் சரக்கு கிளம்பும்போதே பில் போடுங்கள். கெடு முடிந்த மறுநாள் பர்ச்சேஸ் ஆளிடம் அல்ல, அக்கவுண்ட்ஸ் ஆளிடம் நேரில் போய் நில்லுங்கள். ஒழுங்கான பார்ட்டி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. காசு கேட்டதற்காக ஆர்டரை நிறுத்துகிறவன் எப்படியும் உங்களை மூழ்கடித்திருப்பான்.

நாள் முழுக்க மெஷினிலேயே நிற்பது

நல்ல டர்னருக்கு (லேத்தில் கடைகிறவருக்கு) மெஷினை விடுவது கஷ்டம், தெரியும். ஆனாலும் தினமும் ஒரு மணி நேரமாவது கையைத் துடைத்துவிட்டு கொட்டேஷன், பாக்கி, அடுத்த மாத ஆர்டர் இவற்றோடு உட்காருங்கள். அந்த வேலையைச் செய்ய ஷெட்டில் வேறு ஆள் கிடையாது.

ஒரே பார்ட்டி

உங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் ஒருவரிடம் இருந்தே வந்தால் ரேட்டை அவர்தான் முடிவு செய்வார்.

வீட்டுக் காசும் ஷெட் காசும்

தனித்தனி அக்கவுண்ட். நீங்களும் சம்பளம் எடுங்கள்.

உத்யம் பதிவுக்கு ஏஜென்டுக்குக் காசு கொடுப்பது

அது இலவசம், அரசு தளத்தில் ஆதாரும் பான் கார்டும் வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதல் சரக்கு போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.