வீட்டில் முதியவரின் மறதியைத் திருத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், வயதான தாயும் தகப்பனும் பெரும்பாலும் மகளின் வீட்டிலோ அதே வளவுக்குள்ளோதான் கடைசிவரை இருப்பார்கள். ஆகவே அவர்களின் நினைவில் ஏதோ பிசகுவதை முதலில் காண்பவளும் மகள்தான். அதை "வயசு போனா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுபவளும் பல வேளைகளில் அவளேதான். நானும் என் தாயைப் பற்றி ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த கறுப்புக் கால்மிதியைப் பார்த்து, "குழி கிடக்கு, நான் கால் வைக்கமாட்டன்" என்று அவர் நின்றுவிட்ட பின்னேரத்தில்தான், நான் பிடிவாதம் என்று எண்ணியிருந்தது உண்மையில் அவருடைய அச்சம் என்பது எனக்கு விளங்கியது. நான் தவறவிட்ட அந்த ஒரு வருடத்தை மற்றவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணில் விழும் ஒளிக்கு மூளைதான் பொருள் சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது பழைய நினைவையும் அந்த நேரத்து மனநிலையையும் அது துணைக்கு எடுத்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நாவலடியிலோ கல்லடியிலோ உறவுகளைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒருவருக்கு, மார்கழி வாடைக்காற்றில் எழும் அலைச்சத்தம் நமக்குக் கேட்பது போலக் கேட்பதில்லை. மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி ஆபத்தை எடைபோடுகிறது. அது பதறியதும் உடலில் அழுத்தச் சுரப்புகள் பெருகுகின்றன. அவற்றுள் கோர்ட்டிசோல் நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் வேலை தளர்கிறது. முதுமை மறதி நோய்களில் 60 முதல் 70 சதவீதம் வரையானவற்றுக்குக் காரணமான அல்சைமர் நோயும் தொடக்கத்திலேயே தாக்குவது இதே ஹிப்போகாம்பஸைத்தான். துயரத்தால் வரும் மறதியும் நோயால் வரும் மறதியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் வேலை என்றாலும், அவர் பிரித்தறிவதற்குத் தேவையான செய்திகள் எல்லாம் வீட்டில் இருப்பவரிடமே இருக்கின்றன.

முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம், நேரம், ஆள் தெரியாமல் குழம்பி, ஒரு மணி நேரம் தெளிந்தும் மறு மணி நேரம் உளறியும் இருந்தால், அது முதுமை மறதி நோயின் இயல்பான போக்கு அன்று. சிறுநீர்க் கிருமித் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுதல், இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய குளிசை முதலியவற்றால் வரும் திடீர்க் குழப்ப நிலையாக அது இருக்கலாம். கச்சான் காற்று வீசி வெயில் தீயும் மாதங்களில் இதை மேலும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வயதானவர்களுக்குத் தாகம் உணரும் தன்மையே குறைந்துவிடுகிறது. இரவில் எழும்ப வேண்டிவருமே என்று தண்ணீரை வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு. தடிமனுக்கும் தோல் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் குளிசைகூட முதியவரின் தலையைக் குழப்பக்கூடியது. சலரோகத்துக்குக் குளிசை எடுப்பவர் அல்லது ஊசி போடுபவர் சாப்பாட்டைத் தவறவிட்டு, வியர்த்து, எரிச்சலோடு தொடர்பில்லாமல் பேசினால், இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் எது சேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். இப்படித் திடீரெனத் தோன்றும் எந்தக் குழப்பத்துக்கும் மறுநாள் கிளினிக்கைப் பார்த்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவை இலக்கத்துக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கணவனோ சகோதரனோ இறந்தபின், அல்லது பிள்ளை வெளிநாடு போனபின், சில வாரங்களில் தொடங்கிய மறதி வேறு வகையானது. இப்படிப்பட்டவர் கேள்விக்கு விடை தேட முயலாமலே "எனக்குத் தெரியாது, என்னை விடுங்க" என்று சொல்வார். சாப்பாட்டில் விருப்பம் இருக்காது, விடியற்காலையில் விழித்துக்கொள்வார், தன் மறதியைத் தானே எடுத்துச் சொல்லி வருந்துவார். இது மனச்சோர்வாக இருக்கலாம், மனச்சோர்வு சிகிச்சையால் மாறக்கூடியது. மாறாக, பல மாதங்களாக மெல்ல மெல்லக் கூடிவரும் மறதியில், மறந்தவர் தான் மறந்ததைப் பெரும்பாலும் உணர்வதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லி மூடிவிடுவார். இரண்டும் ஒருவரிலேயே சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், வீட்டிலிருந்தபடி முடிவு கட்டிவிட வேண்டாம்.

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. "1978 சூறாவளியில கூரை பறந்ததை அப்படியே சொல்றாவே, அவக்கு எங்க மறதி?" என்பார்கள். அல்சைமர் நோயில் அண்மைய நினைவுகளே முதலில் அழிகின்றன. நாற்பது வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த கதை, அதுவும் பேரச்சத்தோடு பதிந்த கதை, நெடுநாள் நிற்கும். அன்று நவம்பர் 23 என்று திகதியைக்கூடச் சரியாகச் சொல்பவர், காலையில் தேநீர் குடித்ததை மறந்து இன்னொரு முறை கேட்பது முரண்பாடு அன்று. அதுவே கவனிக்க வேண்டிய அடையாளம்.

இப்படியான மாற்றங்களைக் குறித்துவைப்பதற்கென்றே ஒரு சீஆர் கொப்பியை ஒதுக்குங்கள். திகதி, நேரம், நடந்தது, அதற்கு முந்திய இரவு எப்படித் தூங்கினார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், மலம் கழித்தாரா, யார் வந்துபோனார்கள், வீட்டில் சண்டை ஏதும் நடந்ததா, புதிதாக என்ன குளிசை தொடங்கியது என்பவற்றை ஒவ்வொரு சம்பவத்துக்கும் எழுதுங்கள். "கண்டபடி பேசினா" என்று எழுதாமல், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். இரண்டு கிழமை எழுதிய பின் என் கொப்பியைப் புரட்டியபோது, என் தாயின் குழப்பங்களில் பெரும்பாலானவை விளக்கு ஏற்றும் நேரத்துக்குச் சற்று முன்பே வந்திருந்தன. மாலை மங்கும்போது குழப்பமும் பதற்றமும் கூடுவது மறதி நோயில் பரவலாகக் காணப்படுவது என்று வைத்தியர் பின்னர் விளக்கினார். அன்றிலிருந்து ஐந்து மணிக்கே மின்விளக்கைப் போட்டு, அந்த நேரத்தில் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி வைத்தோம். பதற்றம் முற்றாகப் போகவில்லை, ஆனால் கண்கூடாகக் குறைந்தது.

கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் மூளையைக் குறை சொல்லாதீர்கள். கண்புரை மறைத்தவருக்குக் கொடியில் தொங்கும் சேலை ஆளாகத் தெரியும். காது மந்தமானவருக்குப் பக்கத்து அறையில் தாழ்ந்த குரலில் பேசுவது தன்னைப் பற்றிய பேச்சாகவே தோன்றும். முதுமை மறதி பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்ட, மாற்றியமைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளுள் கேட்கும் திறன் குறைவும் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் அடங்கும். நிற வேறுபாட்டைப் பிரித்தறிவதும் குறைந்துவிடுவதால், வெளிர்நிறச் சீமெந்துத் தரையில் கறுப்பு விரிப்பு குழியாகத் தெரிகிறது. வெள்ளைக் கோப்பையில் போட்ட வெள்ளைச் சோறு கண்ணில் படுவதில்லை. கால்மிதியை எடுத்துவிட்டு, படியின் விளிம்பில் மஞ்சள் வர்ணம் பூசினோம். அவ்வளவு நாளாக நாங்கள் செய்துவந்த வாக்குவாதத்துக்கு அதற்குப் பின் தேவை இருக்கவில்லை.

அடுத்தது, பதில் சொல்லும் முறை. தாலிக்கொடியையோ காப்பையோ எங்கோ பத்திரமாக வைத்து மறந்துவிட்டு, மருமகனையோ வேலைக்கு வரும் பெண்ணையோ கள்ளர் என்று சொல்வது இந்த நோயில் சாதாரணமாக நடப்பது. நினைவில் உள்ள வெற்றிடத்தை மூளை தனக்குப் பொருந்துகிற ஒரு காரணத்தால் நிரப்புகிறது. "நீங்கதான் வச்சிட்டு மறந்திட்டீங்க" என்று நிரூபிக்க முயன்றால், நிரூபணம் மறந்துபோகும், அவமானம் தங்கிவிடும். இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை: ஐயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளருக்குச் சோகக் காட்சிகளைக் காட்டியபோது, காட்சி மறந்துபோன பின்னும் சோகம் அவர்களிடம் நிலைத்திருந்ததைக் கண்டார்கள். எனவே முதலில் உணர்வுக்குப் பதில் சொல்லுங்கள். "காப்புக் காணல்லயாம்மா? மனசு பதறும்தான். வாங்க, ரெண்டு பேரும் தேடுவம்" என்று சொல்லி, உண்மையாகவே சேர்ந்து தேடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரம் முற்றத்துக்குப் போய்விடுவது நல்லது. தேடும்போது கண்ணகி அம்மன் கோயிலின் பழைய வைகாசிச் சடங்கு, அங்கே பாடும் குளிர்த்திப் பாடல், வயல் வெட்டிய காலம் என்று பேச்சைத் திருப்பலாம். இளமையில் பழகிய பாட்டு, மற்றவை போன பின்னும் நீண்ட நாள் நிற்பது உண்டு.

காண்பதற்கும் கேட்பதற்கும் மனநிலைக்கேற்பப் பொருள் கொள்வது என்ற விதிக்குப் பராமரிப்பவரின் மனமும் உட்பட்டதுதான். மூன்று இரவு தூக்கமில்லாமல், வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடும் மகளுக்கு, தாய் ஐந்தாம் முறை கேட்கும் கேள்வி தன்னை வதைப்பதற்காகவே கேட்கப்படுவது போலத் தோன்றும். அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். சகோதரர்களை முறை வைத்து அழையுங்கள். சீதன வீடு பெற்றவள்தான் எல்லாம் பார்க்க வேண்டும் என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மனப்பாரம் தாங்காதபோது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம். காணி உறுதி எழுதுவதோ கையெழுத்து வாங்குவதோ தேவையாக இருந்தால், முதியவர் இன்னும் விளங்கிக்கொள்ளும் நிலையில், தெளிவாக இருக்கும் காலை வேளையில், எல்லாப் பிள்ளைகளும் அறியச் செய்யுங்கள். குழம்பிய மாலையில் பெருவிரலைப் பிடித்து மையில் வைப்பதை நான் களவு என்றே சொல்வேன்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும், கடையில் வாங்கியவை உட்பட எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தைரொயிட், வைட்டமின் பி12, சீனி, சோடியம் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இவற்றின் குறைபாடுகளும் மறதியைத் தரலாம், திருத்தவும் கூடியவை. முதியவருக்கு முன்னால் அவருடைய பிழைகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டாம். கொப்பியை வைத்தியரிடம் கொடுத்துவிட்டு, முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கேள்விகளுக்கு முதலில் அவரே பதில் சொல்லட்டும்.