பாசையூரில் தொடங்கி புறாத்தீவு வரை: பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகிறவர்களுக்கு

யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் வெளிநாடுகளிலிருந்து இலங்கையில் உள்ள ஊருக்குப் போகிற குடும்பங்கள் பல, பிள்ளைகளை ஒரு மாலை கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. பிள்ளை கடலைப் பார்த்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறது. கடலுக்குள் இருப்பவற்றைத் தமிழில் பெயர் சொல்லி அறிந்துகொள்ள மூன்று நான்கு நாட்களாவது ஒதுக்குங்கள்.

முதல் நாள் கடற்கரை வேண்டாம், மீன் சந்தைக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் பாசையூர் நல்ல இடம். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்து ஏலம் கூறும் நேரத்துக்குப் போய்விட வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ கூட வந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்குத்தான் மீன்களின் பெயர் சரளமாக வரும். என் மகள் அதுவரை கணவாயை உறைபெட்டிப் பையில் வளையம் வளையமாகத்தான் கண்டிருந்தாள். முழுக் கணவாயின் கண்ணையும் கைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதற்கு மூன்று இதயம், நிறம் மாற்றும், மைப்பை இருக்கிறது என்று சொன்னபோது பையைத் திறந்து காட்டச் சொன்னாள். வீட்டில் மாமி கணவாய் வெட்டும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். வெள்ளை ஓட்டையும் மைப்பையையும் தொட்டுப் பார்க்கட்டும்.

நண்டைப் புரட்டி வயிற்று மடலைக் காட்டுங்கள். ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று இருந்தால் பெண். திருக்கைக்குக் கண் மேலேயும் வாய் கீழேயும் இருப்பது ஏன் என்று கேளுங்கள். தரையோடு தரையாகக் கிடந்து இரை தேடும் மீன் அது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒட்டி மீனை மட்டும் வெறுங்கையால் தொடவிடாதீர்கள், முள்ளில் நஞ்சு இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது மீன் வாங்குங்கள்.

பிறகு பண்ணைப் பாலத்தில் நின்று, ஆழமில்லாத கடலில் தடி நட்டுக் கட்டியிருக்கும் களங்கட்டி வலைகளைக் காட்டுங்கள். நீந்தி வரும் மீன் வலைச்சுவரில் முட்டி, அதன் ஓரமாகவே போய்க் கூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. தீவுப்பகுதியில் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையைக் குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். அதில் பெரும்பகுதி கடற்புல். பாசி அல்ல, பூக்கும் தாவரம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்தப் புல்வெளியில்தான். மன்னார்ப் பக்கத்து ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அதுதான் உணவு. யானைக்கு உறவான அந்த விலங்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் அடுத்த கேள்வி கேட்கும். ஆழம் குறைந்த இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

நெடுந்தீவை விட்டுவிடாதீர்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லோரும் குதிரை பார்க்கத்தான் போகிறார்கள், நீங்கள் வேலியைப் பாருங்கள். அங்கே மதில்களே பவளக்கற்களை அடுக்கிக் கட்டியவை. மூளை மடிப்புப் போன்ற வரிகளும் பூப்போன்ற குழிகளும் அப்படியே தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன உயிர் இருந்தது என்று சொல்லி விரல் வைத்துப் பார்க்கவிடுங்கள். யாழ் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லும் பழைய கடல் படியவைத்ததுதான். சோளகக் காற்று வலுத்த நாளில் படகு நன்றாக ஆடும், குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு மருந்து எடுத்துப் போங்கள்.

உயிருள்ள பவளத்தைக் காணத் திருகோணமலைக்குப் போக வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மார்கழியில் போகிறவர்கள் அங்கே நீந்திப் பவளம் பார்ப்பதை எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் மன்னாரில் பூநாரைகளைத் தேடலாம்.

நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தும் பிள்ளைக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது, சில களிம்புகள் பவளத்துக்குக் கேடு. பவளத்தில் காலூன்றக் கூடாது என்பதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள். நெடுந்தீவு மதிலைத் தொட்ட பிள்ளைக்கு அதை நீங்கள் விளக்க வேண்டியிராது. செட்டையில் கறுப்பு நுனி உள்ள சிறிய சுறாக்கள் அங்கே வரும். துரத்தாமல், அசையாமல் மிதந்தால் தன்பாட்டில் கடந்து போகும். கரையில் கிடக்கும் பவளத் துண்டு ஒன்றைப் பிள்ளை பைக்குள் போடக் கேட்கும். வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கையாலேயே எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.