நெடுஞ்சாலையில் டயர் பஞ்சர்: முதலில் இடம், அப்புறம் ஜாக்கி

கார் ஓட்டப் பழகி, சென்னையை விட்டு முதல் முறையாகக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரத்துக்குள் டயர் போனால் பெரிய கவலை இல்லை. பழைய டயரைக் கம்பத்தில் மாட்டிய பஞ்சர் கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால், அடுத்த அரை மணி நேரத்துக்கு நீங்களும் உங்கள் டிக்கியில் இருப்பதும்தான்.

சில வருடங்களுக்கு முன் அக்கா குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் வலது பின் டயர் இறங்கிவிட்டது. இன்னும் ஓட்டினால் டயர் கிழிந்துவிடுமே என்ற பயத்தில் அங்கேயே, வெள்ளைக் கோட்டை ஒட்டி நிறுத்திவிட்டேன். ஜாக்கியை வைக்கக் குனிந்தால் ஆம்னி பஸ்கள் முதுகை உரசுவது போலப் போகின்றன. ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார். “டயர் போனா போவுது தம்பி, முதல்ல வண்டிய உருட்டி அந்த பங்க்குக்குள்ள கொண்டு போ” என்றார். முந்நூறு மீட்டர் உருட்டினோம். டயர் வீணானது. ஆனால் ஆறு பேரும் பெட்ரோல் பங்க் நிழலில் நின்றோம். அன்று அவர் சொன்ன வரிசையில்தான் இந்தக் குறிப்பு முழுக்கப் போகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள்

டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி ஸ்டெப்னியைப் பாருங்கள். (ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தப் பெயரைத்தான் இன்றும் நாம் சொல்கிறோம்.) ஸ்டெப்னி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் டி.பி.எம்.எஸ்., பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. அதனால் புது வண்டிகள் சிலவற்றில் அந்தக் குழிக்குள் ஒரு சின்ன பம்ப்பும், துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் ஒரு பாட்டில் திரவமும்தான் இருக்கும்.

ஸ்டெப்னி இருந்தால் அதிலும் காற்று அடியுங்கள். மற்ற நான்கு டயருக்கும் மாதாமாதம் அடிப்போம், இதை யாரும் தொடுவதில்லை. எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 30 முதல் 36 பி.எஸ்.ஐ. மிகவும் மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி என்றால் 60 வரைகூடத் தேவைப்படும், அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு. கத்திரி வெயிலில் ஓடி வந்து பார்த்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்புறக் கட்டங்கள்) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் வெயிலில் வெடிப்பு விடும்.

பிறகு, வீட்டு வாசலிலேயே ஒரு வீல் நட்டைக் கழற்றிப் பாருங்கள். இதைக் கட்டாயம் செய்யச் சொல்கிறேன். டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிடுகிறார்கள். வண்டியோடு வரும் குட்டி ஸ்பானரால் அது அசையாது. அசையவில்லை என்றால் கைப்பிடி நீளமான எல் வடிவ ஸ்பானர் ஒன்று வாங்கி வையுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் இதுவும் கிடைக்கும், சிகரெட் லைட்டர் துளையில் மாட்டுகிற 12 வோல்ட் காற்று பம்ப்பும் கிடைக்கும். அலாய் வீலில் பூட்டு நட் இருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டயர் போனால் முதல் ஒரு நிமிடம்

முன் டயர் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். பின் டயர் என்றால் வண்டியின் பின்பாகம் ஆடுவது போல இருக்கும், ‘டப டப’ என்று சத்தம் வரும். டயர் வெடித்தே விட்டால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறைந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள்.

இனி எங்கே நிறுத்துவது? பெட்ரோல் பங்க், டோல்கேட்டைத் தாண்டிய அகலமான ஓரம், சர்வீஸ் ரோடு, டீக்கடை வாசல் என்று எதுவும் கண்ணுக்குத் தெரிந்தால் நடக்கிற வேகத்தில் அங்கே போய்விடுங்கள். டயர் கெடும், சில சமயம் ரிம்மும் நெளியும். பரவாயில்லை. வளைவு, மேம்பாலம், பாலத்தின் மேல் நிற்கவே கூடாது. ஜாக்கி மண்ணில் புதையும் என்பதால் தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும்.

நின்றதும் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். எல்லோரும் இடது கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு வெளியே நிற்கட்டும். பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள், அதாவது பெரியவர் நடையில் எழுபது எண்பது தப்படி நடந்து போக வேண்டும். காருக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிறவருக்கு அது உதவாது.

பழுதான டயர் வலது பக்கம், ஓரமும் குறுகல், இருட்டு என்றால் நீங்கள் மாற்றவே வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோடு, பெங்களூரு ரோடு போன்ற தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள். வண்டி இன்ஷூரன்ஸில் சாலை உதவி சேர்ந்திருந்தால் அந்த எண்ணையும் போனில் முன்பே பதிந்து வையுங்கள்.

ஸ்டெப்னி மாற்றும் வரிசை

1. ஹேண்ட் பிரேக் போடுங்கள், முதல் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங். பழுதான டயருக்குக் குறுக்கு மூலையில் உள்ள டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

2. வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடப்பக்கமாகத் திருப்பி அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு திருப்பினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது.

3. கதவுக்குக் கீழே, சக்கரத்தை அடுத்து, தகடு தடித்து இரண்டு வெட்டுகளோடு இருக்கும் இடத்தில்தான் ஜாக்கி பொருந்த வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்ளே போகும். கைகளால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. ஸ்டெப்னியை எடுத்து வண்டிக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். உங்கள் கையோ காலோ எப்போதும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது.

5. டயர் தரையை விட்டு நாலு விரல் எழும்பும் வரை தூக்குங்கள். காற்றுள்ள ஸ்டெப்னி பழுதான டயரைவிட உயரம் என்பதால் இந்த இடைவெளி வேண்டும்.

6. நட்டுகளைக் கழற்றி ஒரு துணியில் போடுங்கள். பழைய சக்கரத்தை உருவி அடியில் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் திருகுங்கள். நட்டின் சரிவான பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

7. அடியில் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு வண்டியை இறக்குங்கள். இப்போது ஸ்பானரால் இறுக்குங்கள். வட்டமாக வரிசையாகப் போகாமல், ஒன்றுக்கு எதிரே உள்ளது என்று மாற்றி மாற்றி. கை பலம் போதும், ஸ்பானர் மேல் ஏறி மிதிக்க வேண்டாம்.

8. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியில் 80 என்று ஸ்டிக்கர் இருந்தால் அது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று பொருள். எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் முக்கோணத்தை மறந்துவிட்டு வருகிறவர்கள் நிறைய பேர்.

ஆணி குத்தி மெல்ல இறங்கினால்

டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்காதீர்கள். அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். பம்ப்பால் காற்று நிரப்பி, அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டலாம். ஸ்டெப்னி மாற்றும் வேலையே மிச்சம். கடையில் வெளியிலிருந்து திரி சொருகுவார்கள், அது ஊர் வந்து சேரப் போதும். டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதுதான் நிலையான வேலை. பக்கவாட்டில் கிழிசல் இருந்தாலோ, துளை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ எந்த ஒட்டும் போட வேண்டாம், டயரை மாற்றுங்கள். பாட்டில் திரவம் ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் அதைக் கழுவ வேண்டும்.

ரன்-ஃப்ளாட் என்பது என்ன

சாதாரண டயரில் வண்டியைத் தாங்குவது காற்று. ரன்-ஃப்ளாட் என்ற வகை டயரில் பக்கவாட்டுச் சுவரையே தடிமனான ரப்பரால் கட்டியிருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவர் வண்டியைத் தாங்கும். பொதுவான கணக்கு, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம். ஆளும் சாமானும் நிறைய என்றால் இந்தத் தூரம் குறையும். பி.எம்.டபிள்யூ., மினி வண்டிகள் பலவற்றில் இதுதான் வரும். பக்கவாட்டில் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.எஃப்.டி. என்றும் மிஷெலின் இசட்.பி. என்றும் காண்டினென்டல் எஸ்.எஸ்.ஆர். என்றும் குறிப்பார்கள்.

அந்த மதுராந்தக நாளில் இது இருந்திருந்தால், நின்றே இருக்க மாட்டேன். எங்கே நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், அதுதான் இதன் உண்மையான பலன். இருட்டில் தனியாக ஓட்டும் பெண்களுக்கும், குனிந்து நிமிர முடியாத பெரியவர்களுக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் காற்று போனது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. டாஷ்போர்டில் டி.பி.எம்.எஸ். விளக்கு எரிந்த நொடியிலிருந்து மீட்டரில் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் எரிந்தால் பாண்டிச்சேரிக்குள் போய்விடலாம், சென்னைக்குத் திரும்ப முடியாது. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டின் உட்சுவர் வெந்து போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பெரும்பாலும் ஒட்ட மாட்டார்கள், புதிதுதான். சின்ன ஊரில் அந்த அளவு கிடைக்காது, அந்தக் கடினமான சுவரைக் கழற்றும் மெஷினும் இருக்காது. விலை கூடுதல், குழியில் இறங்கினால் உடம்பு குலுங்கும்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டுச் சாலையில் புதிதாக ஓட்டுகிறவருக்கு சாதாரண டியூப்லெஸ் டயர், முழு அளவு ஸ்டெப்னி, ஒரு 12 வோல்ட் பம்ப் போதும். எந்தக் கிராமத்திலும் அதைச் சரி செய்ய ஆள் உண்டு. வண்டியோடு ரன்-ஃப்ளாட் வந்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சாதாரணமாக மாற்றிக் கலந்து ஓட்டாதீர்கள். நான்கையும் சாதாரணமாக மாற்ற நினைத்தால், ஸ்டெப்னி வைக்க டிக்கியில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். பல வண்டிகளில் அந்தக் குழியே இருக்காது.

ஊர் திரும்பியதும் பழுதான டயரை மறுநாளே கடைக்குக் கொண்டு போங்கள். டிக்கியில் கிடக்கும் அந்தச் சக்கரம்தான் அடுத்த பயணத்துக்கு உங்கள் ஸ்டெப்னி.