கணுக்கால் சுளுக்கு: முதல் இரண்டு நாள் கவனம்

கபடி, கைப்பந்து, ஓட்டம் போன்றவற்றில் ஈடுபடுவோருக்கு மிக அடிக்கடி நேரும் காயம் கணுக்கால் சுளுக்கு. பாதம் உட்புறமாக மடங்கும்போது, வெளிக்கணுவை ஒட்டி எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டு, சில வேளைகளில் கிழிந்தும் விடுவதால், சிறிது நேரத்திலேயே அவ்விடம் முட்டை போல் வீங்கிவிடுகிறது.

உடனே எண்ணெய் தடவி உருவிவிடுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நம்மிடையே ஊறிப்போன பழக்கம். ஆனால் முதல் 48 மணி நேரத்தில் இவ்விரண்டும் உள்ளே கசியும் இரத்தத்தைக் கூட்டி வீக்கத்தைப் பெருக்கக்கூடும் என்பதால், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மாறாக, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தெடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தொடரலாம். விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுக்கும்போது காலை இரண்டு தலையணைகளின் மேல் உயர்த்தி வையுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும்.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தும்போது வலித்தாலோ, எலும்பு முறிந்திருக்கக்கூடும். அந்நிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வலி தணிந்ததும் பலர் நேரே மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே கால் மறுபடியும் பிசகுவதற்கு இந்த அவசரமே பெருங்காரணம் என்பேன். சில வாரங்களுக்கு நாள்தோறும் சுவரருகே ஒற்றைக்காலில் 30 வினாடி நின்று பழகுங்கள். தடுமாற்றம் குறைந்த பிறகு, அதையே கண்களை மூடிக்கொண்டு செய்யுங்கள்.